சிறு கட்சிகளும் நாட்டின் காலநிலைக் கொள்கையும்

பாமன்கடையில் கால்வாயை அண்டிய எமது அலுவலகத்தில், வெளிமாவட்டங்களிலிருந்து வரும் கிராமச் சங்கப் பிரதிநிதிகளுக்கு ஆண்டில் இரண்டு மூன்று தடவை பயிற்சிக் கூட்டம் நடத்துவதுண்டு. அத்தகைய ஒரு கூட்டத்தில் காலநிலை மாற்றம் பற்றியும், அது தொடர்பாக அரசு வகுத்துள்ள கொள்கை பற்றியும் நான் விளக்கிக்கொண்டிருந்தேன். மன்னார் கட்டுக்கரைக்குளத்தின் கீழ் வயல் செய்யும் பெரியவர் ஒருவர் எழுந்தார். “பாதர், உந்தக் கொள்கையை ஆர் எழுதுறது? எங்கட பக்கத்தில ஒருத்தரும் அதுக்கெண்டு வோட்டுப் போடேல்லை. ஆனா 2021 இல எங்கட காலபோகம் அதாலதானே போனது” என்றார்.

அமைச்சரவை எழுதுகிறது என்று பதில் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு இருந்துவிட்டார். அது பதில் ஆகவில்லை என்பது எனக்கும் தெரிந்தது. அமைச்சரவைக்குள் அந்த எண்ணம் எந்த வாசலால் நுழைந்தது என்பதே அவர் கேட்டது. அதைத் தேடிப் பார்த்தால் எமது நாட்டில் அந்த வாசல் பெரும்பாலும் ஒரு சிறு கட்சியின் வாசலாக இருந்திருப்பதைக் காணலாம். ஒரு சில ஆசனங்களைக் கொண்டவர்கள் நாடு முழுவதற்குமான கொள்கையைத் திருப்பியிருக்கிறார்கள். சில வேளை நன்மைக்கு, சில வேளை பெருங்கேட்டுக்கு.

இது எவ்வாறு இயலுமாகிறது என்பதற்குச் சிறிது கணக்குப் பார்க்க வேண்டும். 1978 ஆம் ஆண்டு யாப்பு விகிதாசாரத் தேர்தல் முறையைக் கொண்டுவந்தது. பாராளுமன்றத்தின் 225 ஆசனங்களில் 196 மாவட்டங்களிலிருந்தும் 29 தேசியப்பட்டியலிலிருந்தும் நிரப்பப்படுகின்றன. ஒரு மாவட்டத்தில் ஆசனம் பெறுவதற்கு முதலில் 12.5 சதவீத வாக்கு வேண்டியிருந்தது. 1988 இல் 15 ஆவது திருத்தம் அதை 5 சதவீதமாகக் குறைத்தது. இக்குறைப்பே முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் அஷ்ரப், பிரேமதாசவிடம் பேரம்பேசிப் பெற்றது என்பது பலரும் அறிந்த செய்தி. வாசற்படியின் உயரத்தைக் குறைத்ததே ஒரு சிறு கட்சிதான் என்று சொல்லலாம். அதன் பின் 113 என்ற பெரும்பான்மையைத் தனித்துப் பெறுவது எந்தப் பெரிய கட்சிக்கும் கடினமாயிற்று.

2004 ஏப்ரல் தேர்தலைப் பாருங்கள். ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்பு 105 ஆசனங்களைப் பெற்றது, எட்டுக் குறைவு. அவ்வாண்டின் தொடக்கத்தில் பிறந்த ஜாதிக ஹெல உறுமய, நாடளாவிய வாக்கில் 6 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகப் பெற்று ஒன்பது ஆசனங்களை வென்றது. ஒன்பது பேரும் பிக்குமார். அவற்றில் மூன்று இதே கொழும்பு மாவட்டத்தில் கிடைத்தவை. சபாநாயகர் தெரிவு 110 இற்கு 109 என்று ஒரே வாக்கால் தீர்ந்த பாராளுமன்றம் அது. அப்படிப்பட்ட சபையில் ஒன்பது ஆசனத்தின் பெறுமதியை விளக்கத் தேவையில்லை.

இக்கட்சியைப் பற்றி எழுதும்போது எமது வாசகர்களுக்கு முகம் சுளிக்கும் என்பதை நான் அறிவேன். மதமாற்றத்துக்கு எதிரான சட்டமூலத்தை அதே 2004 இல் பாராளுமன்றத்துக்குக் கொண்டுவந்தவர்கள் இவர்களே. போர்க்காலத்தில் தமிழர் பிரச்சினையில் மிகக் கடும் நிலைப்பாட்டை எடுத்தவர்களும் இவர்களே. எமது சபைகள் அவர்களுக்கு அஞ்சியதற்குக் காரணம் இருந்தது. இருந்தும் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். புவி வெப்பமடைதலைத் தன் அரசியலின் நடுப்பொருள்களில் ஒன்றாக எடுத்துக்கொண்டு அமைச்சரவைக்குள் போன முதற் கட்சி எமது நாட்டில் இதுதான். எமது தமிழ், முஸ்லிம் கட்சிகளோ, நீதி பேசும் எமது இயக்கங்களோ அந்நாளில் அதை அவ்வாறு எடுக்கவில்லை.

கட்சியின் கொள்கை வகுப்பாளரான சம்பிக்க ரணவக்க மின் பொறியியலாளர். சூழலும் எரிசக்தியும் பற்றி நூல்கள் எழுதியவர். ஜாதிக ஹெல உறுமய மகிந்த ராஜபக்சவின் அரசில் சேர்ந்த பின் 2007 இல் சுற்றாடல் அமைச்சரானார். சுற்றாடல் அமைச்சின் கீழ் காலநிலை மாற்றச் செயலகம் அமைக்கப்பட்டது அக்காலத்தில், 2008 இல். 2009 இல் ‘ஹரித லங்கா’ என்ற தேசிய வேலைத்திட்டம் வந்தது. பல அமைச்சுகளுக்கும் சூழல் சார்ந்த பொறுப்புகளைப் பங்கிட்டுக் கொடுத்த ஆவணம் அது. இலங்கையின் தேசிய காலநிலை மாற்றக் கொள்கை 2012 இல் வெளிவந்தபோது அவர் அந்த அமைச்சில் இல்லை. ஆனால் செயலகம் இருந்தது, அதிகாரிகள் இருந்தனர், கோப்புகள் இருந்தன. ஒரு சிறு கட்சியின் அமைச்சர் விட்டுச்செல்லக்கூடியவற்றுள் நீடிப்பது இதுவே என்று எனக்குத் தோன்றுகிறது. பேச்சு போய்விடும், ஓர் அலுவலகமும் அதற்குரிய ஆளணியும் எளிதில் போவதில்லை.

கடுதாசி இலகு. கல்லும் சீமெந்தும் வேறு.

2010 இல் அவருக்கு மின்சக்தி எரிசக்தி அமைச்சு கிடைத்தது. காலநிலைக் கொள்கை உண்மையில் உயிர் பெறுவதும் சாவதும் அங்கேதான். அவர் அவ்வமைச்சில் இருந்த மூன்றாண்டுக்குள் நிகழ்ந்தவற்றைப் பாருங்கள். 2011 மார்ச்சில் நுரைச்சோலை நிலக்கரி மின் நிலையத்தின் முதலாவது 300 மெகாவாற்று அலகு இயங்கத் தொடங்கியது. அதே ஆண்டு செப்டெம்பரில் சம்பூரில் 500 மெகாவாற்று நிலக்கரி நிலையம் அமைப்பதற்கு இந்தியாவின் என்.ரி.பி.சி. நிறுவனமும் எமது மின்சார சபையும் கூட்டு ஒப்பந்தம் செய்தன. நிலக்கரியில் பெறும் ஓர் அலகு மின்சாரத்துக்கு ஏறத்தாழ ஒரு கிலோ காபனீரொட்சைட்டு வானத்துக்குப் போகிறது. நாட்டின் மிகப் ‘பசுமையான’ அமைச்சரின் காலத்தில் நாடு நிலக்கரி யுகத்துக்குள் நுழைந்தது.

அவரை இதற்காக நகைப்பது நீதியாகாது. நுரைச்சோலையின் அடிக்கல் 2006 இலேயே நாட்டப்பட்டுவிட்டது. சீனாவின் கடனும் எடுக்கப்பட்டுவிட்டது. சம்பூருக்கான புரிந்துணர்வு உடன்படிக்கையும் 2006 டிசம்பரில் ஆனது. மின்வெட்டுக்கு அஞ்சும் எந்த அரசும் அவற்றை நிறுத்தியிராது. கூரைமேல் சூரியப் பலகை வைத்து மிகுதி மின்சாரத்தைச் சபைக்குக் கொடுக்கும் முறை 2010 அளவில் ஆரம்பித்ததும் இதே காலத்திலேயே. எனினும் ஒன்று தெளிவாகிறது. நாற்காலி கிடைத்துவிட்டால் கொள்கை கிடைத்துவிட்டது என்பதில்லை. பெரிய கட்சியும் கடன் தரும் நாடும் முன்னரே முடிவு செய்துவிட்டதைத் திறந்துவைக்கும் வேலையே சிறு கட்சி அமைச்சருக்கு அடிக்கடி வந்து சேர்கிறது.

நுரைச்சோலை எமக்கு வெறும் உதாரணமன்று. தலவில புனித அன்னாள் திருத்தலத்துக்கு அண்மையில், கற்பிட்டிக் குடாநாட்டின் கரையில் அது நிற்கிறது. 1990களில் இத்திட்டம் எழுந்தபோது அப்பகுதிக் கடற்றொழிலாளரும் தோட்டக்காரரும் எதிர்த்தனர். சிலாபம் ஆயராக இருந்த பிராங்க் மார்க்கஸ் பெர்னாண்டோ ஆண்டகை அவர்களுடன் நின்றார். திட்டம் பல ஆண்டுகள் பின்போடப்பட்டது. ஆனால் அந்த மக்களுக்கென்று பாராளுமன்றத்தில் பேரம்பேசக்கூடிய கட்சி ஒன்றும் இருக்கவில்லை. கத்தோலிக்கக் கரையோரம் இரு பெரிய கட்சிகளுக்கும் பிரிந்து வாக்களிக்கும் கரையோரம். ஆயரின் குரல் அரசைத் தாமதிக்கச் செய்தது, நிறுத்தவில்லை. இன்று 900 மெகாவாற்றுடன் அந்நிலையம் நிற்கிறது.

இங்கேதான் இன்னொரு வகைச் சிறு கட்சியைக் கவனிக்க வேண்டும். இக்கட்சிகளுக்குக் காலநிலை பற்றிய கோட்பாடு எதுவும் இல்லை. அவர்களுக்கு இருப்பது ஓர் இடம், அங்கே வாழும் சனம்.

தலவாக்கலையில் மேல் கொத்மலை நீர்மின் திட்டம் வந்தபோது இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் கடுமையாக எதிர்த்தது. லயன் குடும்பங்கள் இடம்பெயர நேரும், மண்சரிவு ஏற்படும், சென் கிளயர் அருவி வற்றும் என்பவை காரணங்களாகச் சொல்லப்பட்டன. ஆறுமுகன் தொண்டமான் அரசுகளில் சேர்வதும் விலகுவதுமாக இருந்த ஆண்டுகளில் இத்திட்டமும் பேரத்தின் ஒரு பொருளாயிற்று. முடிவில் 2006 இல் வேலை தொடங்கி, 2012 இல் 150 மெகாவாற்று நிலையம் திறக்கப்பட்டது. இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு வீடுகள் கிடைத்தன. பகலில் குறித்த நேரம் அருவிக்கு நீர் விடும் ஏற்பாடும் வந்தது. காலநிலைக் கணக்கில் பார்த்தால் காங்கிரஸ் எதிர்த்தது ஒரு நல்ல திட்டத்தை. நீர்மின் நிலக்கரியைவிட எவ்வளவோ மேல். லயத்தில் நின்று பார்த்தால் அவர்கள் எதிர்த்திராவிட்டால் அந்த வீடுகள் அந்த அளவில் வந்திருக்குமா என்பது ஐயம். இரண்டும் உண்மை. கொள்கை எழுதுபவர்கள் முதற் கணக்கை மட்டும் பார்க்கப் பழகிவிட்டார்கள்.

சம்பூர்க் கதை இன்னும் கனமானது. 2006 இல் போர் அம்மக்களை ஊரைவிட்டுத் துரத்தியது. அவர்கள் அகதி முகாமில் இருக்கையில் அவர்களது மண் முதலில் உயர் பாதுகாப்பு வலயமும், பின்னர் கைத்தொழில் வலயமும் ஆனது. நிலக்கரி நிலையத்துக்குக் குறித்த இடமும் அப்பகுதியிலேயே இருந்தது. 2015 ஜனவரியில் ஆட்சி மாறியது. அவ்வாண்டு ஓகஸ்ட் தேர்தலில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு 16 ஆசனங்களைப் பெற, திருகோணமலை உறுப்பினரான இரா. சம்பந்தன் எதிர்க்கட்சித் தலைவரானார். புதிய அரசுக்குக் கூட்டமைப்பின் நல்லெண்ணம் தேவையாயிருந்த காலம் அது. மக்களின் காணி விடுவிக்கப்படவும் நிலக்கரி வேண்டாம் என்றும் அவர்கள் விடாது கேட்டனர். சூழலியல் மன்றம் ஒன்று உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2016 செப்டெம்பரில் சம்பூரில் நிலக்கரி நிலையம் கட்டப்படமாட்டாது என்று சட்டமா அதிபர் நீதிமன்றத்தில் அறிவித்தார். அதே மாதத்திலேயே இலங்கை பாரிஸ் காலநிலை உடன்படிக்கையை ஏற்று உறுதிசெய்தது.

இரண்டும் ஒரே மாதத்தில் வந்தது தற்செயலாக இருக்கலாம். ஆனால் பாரிஸில் போட்ட கையெழுத்துக்கு இந்நாட்டில் கண்ணால் காணக்கூடிய முதல் அத்தாட்சி எதுவென்று கேட்டால் சம்பூரைத்தான் காட்ட வேண்டும். அதைச் சாத்தியமாக்கியவர்களில் முக்கியமானவர்கள் காலநிலை என்ற சொல்லை அரிதாகவே உச்சரித்த ஒரு தமிழ்க் கட்சியினர். அவர்கள் கேட்டது காணி. நிலக்கரி வேண்டாமென்றது அந்தக் காணிக்காக, மூச்சுவிடும் காற்றுக்காக, கொட்டியாரக் குடாவின் மீனுக்காக. புதிய நிலக்கரி நிலையம் இனி இல்லை என்ற உறுதி 2021 இல் அரசின் சர்வதேச வாக்குறுதியிலேயே இடம்பெற்றது. 2025 ஏப்ரலில் இந்தியப் பிரதமர் வந்தபோது அதே சம்பூரில் 120 மெகாவாற்றுச் சூரிய மின் நிலையத்தின் வேலை ஆரம்பித்துவைக்கப்பட்டது.

இனி மன்னார்ப் பெரியவரின் கேள்விக்கு வருகிறேன்.

ஜாதிக ஹெல உறுமயவின் ஒன்பது பிக்குமாரில் ஒருவர் அத்துரலியே ரத்தன தேரர். நஞ்சற்ற விவசாயம் என்பது அவரது நீண்டகாலக் குரல். 2015 இல் மைத்திரிபால சிறிசேனவின் வெற்றிக்கு உழைத்தவர்களில் அவர் முன்னணியில் நின்றார்; அவ்வாண்டே கிளைபோசேற் களைநாசினி தடைசெய்யப்பட்டது. தோட்டங்களில் களை பிடுங்க ஆளின்றிப் போய், 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தடை தளர்த்தப்பட்டது. அந்தப் படிப்பினையை ஒருவரும் படித்ததாகத் தெரியவில்லை. 2020 தேர்தலில் அவர் வேறொரு சிறு கட்சியில் நின்றார். அக்கட்சிக்கு நாடு முழுவதிலும் கிடைத்தது ஒரே ஒரு தேசியப்பட்டியல் ஆசனம். பலத்த இழுபறிக்குப் பின் 2021 ஜனவரியில் அவரே அதில் அமர்ந்தார்.

கோட்டாபய ராஜபக்சவின் 2019 தேர்தல் விஞ்ஞாபனம் பத்து ஆண்டில் சேதனப் பசளைக்கு மாறுவதாகச் சொன்னது. பத்து ஆண்டு என்பது பேசக்கூடிய ஒரு காலம். ஆனால் 2021 மே 6 ஆம் திகதி வெளியான வர்த்தமானி, இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே நாளில் நிறுத்தியது. அவ்வாண்டு நவம்பரில் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் ஜனாதிபதி இதனைப் பெருமையுடன் எடுத்துரைத்தார். அவர் சொன்னதில் விஞ்ஞானம் இல்லாமலில்லை. யூரியா போன்ற நைதரசன் பசளையை அளவுக்கு மிஞ்சி இடும்போது மண்ணிலிருந்து நைதரசு ஒட்சைட்டு என்ற வாயு எழுகிறது. அது காபனீரொட்சைட்டைவிட ஏறத்தாழ 270 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைப்பது. பசளையைக் குறைப்பது உண்மையான காலநிலை வேலைதான். ஆனால் கட்டுக்கரைக்குளத்தின் கீழும் இராஜாங்கனையிலும் அம்பாறையிலும் விதைத்தவனிடம் மாற்றுப் பசளை ஒரு மூடைகூட உரிய நேரத்தில் போய்ச் சேரவில்லை. நவம்பர் 24 இல் தடை நீக்கப்பட்டபோது வயல் விதைத்தாயிற்று. பசளையும் கடையில் இல்லை. அந்தக் காலபோகத்தில் நாட்டின் நெல் விளைச்சல் முந்தியதைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாக வீழ்ந்தது. மன்னார்ப் பெரியவர் தன் பத்து ஏக்கரில் அறுவடை இயந்திரத்தின் கூலிக்குக்கூட வரவில்லை என்றார்.

இதில் கவனிக்க வேண்டியது என்ன? 2020 இல் ஆளுங்கட்சிக்கு 145 ஆசனம் இருந்தது. ரத்தன தேரரின் ஒரு வாக்கு அதற்குத் தேவையே இல்லை. சிறு கட்சி இங்கே எண்ணிக்கையால் வெல்லவில்லை. காது கிடைத்ததால் வென்றது. தீர்மானம் ஜனாதிபதியுடையது, பொறுப்பும் அவருடையதே. வேறு ஆலோசகர்களும் வைத்தியர்களும் அவருக்கு அதையே ஓதினர். ஆயினும் பதினைந்து ஆண்டுகள் ஓயாமல் ஒன்றைச் சொல்லிவந்த ஒரு சிறு அணியின் எண்ணம், விவாதம் என்ற சல்லடைக்குள் போகாமல், நிறைவேற்று அதிகாரத்தின் கையால் நேரே வர்த்தமானியில் ஏறியது. கூட்டணி அரசில் என்றால் விவசாயிகளின் வாக்கை நம்பியிருக்கும் இன்னொரு பங்காளிக் கட்சி குறுக்கே நின்றிருக்கும். பேரம் என்பதை நாம் அழுக்கான சொல்லாகவே பாவிக்கிறோம். அந்த ஆண்டு இந்நாட்டு விவசாயியைக் காத்திருக்கக்கூடியது ஒரு நல்ல பேரம்தான்.

வெளியுலகிலும் இதற்கு ஒப்பானவை உண்டு. ஜெர்மனியில் பசுமைக் கட்சி 1998 தேர்தலில் பெற்றது 6.7 சதவீத வாக்கு. ஏறத்தாழ ஜாதிக ஹெல உறுமயவின் 2004 ஆம் ஆண்டு அளவு. அவர்கள் சமூக ஜனநாயகக் கட்சியுடன் எழுத்தில் உடன்படிக்கை செய்து ஆட்சியில் சேர்ந்தனர். 2000 ஆம் ஆண்டில் புதுப்பிக்கத்தக்க சக்திச் சட்டம் வந்தது. காற்றிலும் வெயிலிலும் மின்சாரம் எடுப்பவருக்கு இருபது ஆண்டுக்கு நிர்ணய விலை என்று சட்டமே சொல்லியதால், அடுத்த அரசு வந்தபோதும் அது நின்றது. அதனால் பெருகிய உற்பத்தி சூரியப் பலகையின் விலை உலகெங்கும் விழ உதவியது. எமது கூரைகளில் இன்று இருக்கும் பலகைக்கும் அந்த 6.7 சதவீதத்துக்கும் தூரத்து உறவு உண்டு. அவுஸ்திரேலியாவில் கதை மறுபக்கம். 2010 இல் பெரும்பான்மையற்ற கில்லார்ட் அரசுக்குப் பசுமைக் கட்சி ஆதரவளித்து, 2012 ஜூலை முதல் காபனுக்கு விலை வைக்கச் செய்தது. 2014 ஜூலையில் செனற்றிலிருந்த இன்னொரு சிறு கட்சியான பாமர் கட்சியின் வாக்குகளோடு அது நீக்கப்பட்டது. ஒரு சிறு கட்சி கொண்டுவந்ததை வேறொரு சிறு கட்சி கொண்டுபோயிற்று.

அயலில் தமிழ்நாட்டைப் பாருங்கள். 2002 இல் உலகக் காலநிலை மாநாடு புதுடில்லியில் நடந்தபோது அதற்குத் தலைமை வகித்தவர் டி. ஆர். பாலு. மாநிலக் கட்சியான தி.மு.க. மத்திய கூட்டணியில் பெற்ற சுற்றாடல் அமைச்சு அவரை அங்கே இருத்தியது. உலகத்து நாடுகள் கூடிய காலநிலைச் சபையின் தலைமை நாற்காலியில் ஒரு தமிழர் இருந்ததை எமது பத்திரிகைகள் பெரிதாக எழுதியதாக எனக்கு நினைவில்லை.

கொழும்புக்குத் திரும்புவோம். 2010 நவம்பரில் ஒரே இரவு மழையில் கோட்டேயில் பாராளுமன்றமே நீரில் மூழ்கியது. உறுப்பினர்களை இராணுவ வாகனத்தில் ஏற்றிச் செல்ல வேண்டியதாயிற்று. காலநிலை மாற்றம் பற்றி அச்சபையில் நடந்த எந்த உரையையும்விட அந்த நீர் தெளிவாகப் பேசியது. அதன் பின் உலக வங்கிக் கடனில் கால்வாய்கள் சீரமைக்கப்பட்டன. சதுப்பு நிலத்தை நிரப்பினால் நகரம் மூழ்கும் என்ற எண்ணம் அதிகாரிகளிடையே வேரூன்றியது. 2015 முதல் 2019 வரை மாநகர அபிவிருத்தி அமைச்சராக இருந்தவர் மீண்டும் சம்பிக்க ரணவக்க. 2018 இல் கொழும்பு, ராம்சார் அமைப்பின் ஈரநில நகரம் என்ற அங்கீகாரத்தைப் பெற்றது. எமது அலுவலக வாசலிலுள்ள கால்வாய் இப்போது முன்னரைவிட விரைவாக வடிகிறது. கரையில் பலகை வீடுகளில் இருந்தவர்களில் பலர் மாடிக் குடியிருப்புகளுக்குப் போய்விட்டனர். அவர்கள் விரும்பிப் போனார்களா என்பதற்கு ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு பதில் கிடைக்கும்.

இன்றைய நிலை முற்றிலும் வேறு. 2020 இல் மூன்று ஆசனம் மட்டும் பெற்ற தேசிய மக்கள் சக்தி 2024 நவம்பரில் 159 ஆசனங்களை வென்றது. ஜே.வி.பி.யின் அநுர குமார திசாநாயக்க, 2004 இல் கூட்டணிப் பங்காளியாக விவசாய நீர்ப்பாசன அமைச்சரானபோது குளங்களைத் திருத்தும் வேலைத்திட்டத்தை முன்னெடுத்தவர். ஒரு சிறு கட்சிக்குக் கிடைத்த ஓராண்டில் வறண்ட வலயத்துக்கு ஏற்ற நல்ல வேலை அது. அவரே ஜனாதிபதியாயிருக்கையில் அவருக்கு எந்தச் சிறு கட்சியின் கையும் தேவைப்படவில்லை. 2030 இல் மின்சாரத்தின் 70 சதவீதத்தைப் புதுப்பிக்கத்தக்க வழியில் பெறுவது என்பது நாடு கொடுத்திருக்கும் வாக்கு. அந்த வாக்கு பெருமளவில் தங்கியிருப்பது மன்னாரின் காற்றிலும் பூநகரியின் காற்றிலும்.

மன்னார்த் தீவில் 2020 இல் திறந்த ‘தம்பபவனி’ காற்றாலைக்குப் பின் மழைநீர் வடியாமல் வீடுகளுக்குள் நிற்பதாக மக்கள் முறையிடுகிறார்கள். இந்தியாவின் அதானி நிறுவனம் மன்னாரிலும் பூநகரியிலும் அமைக்கவிருந்த 484 மெகாவாற்றுத் திட்டத்திலிருந்து 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்டது. அவ்வாண்டு ஓகஸ்டில் வேறு காற்றாலைகளுக்கான உபகரணங்கள் தீவுக்குள் வந்தபோது மக்களும் குருக்களும் வீதியில் இறங்கினர். அரசு வேலையை ஒரு மாதம் நிறுத்தி வைத்தது. காற்றாலை நிலக்கரியன்று, அதை வேண்டாமென்பவரைக் காலநிலையின் பகைவர் என்று சொல்லக் கொழும்பில் பலர் இருக்கிறார்கள். மேல் கொத்மலையிலும் அப்படித்தான் சொன்னார்கள். வீதியில் நின்றால் ஒரு மாதம் கிடைக்கிறது. நுரைச்சோலையிலும் முதலில் கிடைத்தது தாமதம்தான்.

இத்தகைய வேளையில் இடத்தின் குரல் ஒலிக்க வேண்டிய சபை மாகாண சபை. விவசாயத்தில் பெரும்பகுதி மாகாணத்துக்குரிய விடயம். சிறு கட்சிகள் இயல்பாகப் பலம்பெறும் இடமும் அது. வட மாகாண சபைக்கு முதலும் கடைசியுமாகத் தேர்தல் நடந்தது 2013 இல். அதன் ஆயுள் 2018 இல் முடிந்தது. அதன் பின் ஒன்பது மாகாணங்களில் எதற்கும் தேர்தல் நடக்கவில்லை. பசளைத் தடை வந்த 2021 இலும் ஆளுநரின் கையெழுத்தே மாகாணத்தின் குரலாக இருந்தது.

உள்ளூராட்சி சபைகளில் மட்டும் கணக்கு இன்னும் திறந்திருக்கிறது. 2025 மேயில் நடந்த தேர்தலில் பல சபைகளில் எவருக்கும் தனிப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. பாமன்கடை அடங்கும் கொழும்பு மாநகர சபையிலேயே 117 ஆசனங்களில் தேசிய மக்கள் சக்திக்குக் கிடைத்தது 48. சிறு அணிகளும் சுயேச்சைகளும் சேர்ந்தே ஜூனில் மேயரைத் தெரிவுசெய்தனர். குப்பை, வடிகால், நிழல் மரம், கால்வாய் ஓரத்துக் குடிசை ஆகியவை பற்றி அவர்களிடம் கேட்க எமக்கு இப்போது ஒரு வாசல் உண்டு.

அடுத்த நாள் காலை மன்னார்ப் பெரியவரிடம் இவற்றையெல்லாம் சொன்னேன். வெள்ளவத்தையில் பஸ் ஏறும் வரை கேட்டுக்கொண்டு வந்தார். “அப்ப பாதர், அடுத்த முறை வோட்டுக் கேட்டு வாறவையிட்ட, நீங்கள் தனிய வெண்டால் ஆரோட சேருவியள், சேரேக்க என்னத்தை எழுதி வாங்குவியள் எண்டு கேட்கோணும், என்ன?” என்றார். மாகாண சபைக்கு எப்போது வோட்டு வைப்பார்கள் என்றும் கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.